நோர்வேயிலிருந்து வந்த தம்பி

என்னுடன் வேலை செய்த அக்கா வியட்நாமிலிருந்து வந்தவர். சுவிட்சர்லாந்தில், பேர்ண் நகரை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் ஒன்றாக நின்றோம். உலர்த்தியிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளை அவர் பிடிப்பார், மற்ற இரண்டை நான் பிடிப்பேன். இழுத்து உதறி, கிட்ட வந்து மூலைகளைச் சேர்த்து, மறுபடி விலகி இழுக்க வேண்டும். கைக்குப் பழகிய வேலை. அதனால் வாய் சும்மா இருக்கத் தேவையில்லை. காலையில் தொடங்கினால் வேலை முடியும்வரை கதைப்போம்.

கதைத்தது டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில். என்னுடையது யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பஸ்சிலும் வேலையிடத்திலும் பொறுக்கிய டொச். அவருடையது அகதிகளுக்கான வகுப்பில் தொடங்கி ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வளர்ந்தது. இருவரும் பிழையாகவே பேசினோம். பிழைகள் ஒரே மாதிரி இருந்ததால் எங்களுக்குள் எல்லாம் விளங்கியது. இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னவை எல்லாம் எனக்கு எங்கள் ஊர்த் தமிழிலேயே கேட்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

சேர்ந்த புதிதில் அவரை எப்படி அழைப்பது என்று கேட்டேன்.

"எங்கட பாஷையிலை, வயசுக்கு மூத்த பொம்பிளையை 'சீ' எண்டு கூப்பிட வேணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கட பாஷையிலை அது சாணியை மிதிச்சால் சொல்லுறது."

அவரும் விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். "அப்ப உங்கட சொல்லாலையே கூப்பிடு."

அன்றிலிருந்து அக்கா. அவர் என்னை 'எம்' என்று அழைத்தார். தங்கை, தம்பி இருவருக்கும் அவர்களிடம் அந்த ஒரு சொல்தானாம். முன்பின் தெரியாத ஒருவரைக்கூட அக்கா, தம்பி, மாமி என்று ஏதோ ஒரு முறை வைத்துத்தான் அவர்கள் பேசுவார்கள். 'நான்' என்று சொல்வதற்குப் பதிலாகவே 'அக்கா வாறன்', 'தங்கச்சி போறன்' என்பார்கள். அதைக் கேட்டபோது, இவ்வளவு தூரத்தில் எங்களைப் போலவே ஆட்கள் இருக்கிறார்களே என்று எனக்கு ஆசுவாசமாக இருந்தது.

மத்தியானம் நான் சோறும் கறியும் கொண்டுவருவேன், அவர் நூடில்ஸ். அவருடைய மீன் சாற்றின் மணமும் என்னுடைய கருவாட்டின் மணமும் ஒன்றாகக் கிளம்பும்போது சுவிஸ்காரச் சக ஊழியை ஒன்றும் பேசாமல் எழுந்து யன்னலைத் திறப்பாள். பனி கொட்டும் நாளிலும் திறப்பாள். நாங்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவோம்.

அக்காவின் கணவர் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள் பாசலில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். அந்த மகள்தான் ஒரு நாள் தாயின் கைத்தொலைபேசியில் ஒரு குழுவைச் சேர்த்துவிட்டாள். படகுகளில் நாட்டை விட்டு வெளியேறிய வியட்நாம்காரரும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பல நாடுகளிலிருந்து எழுதும் குழு. பெரியவர்கள் தங்கள் மொழியில் எழுதுவார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் டொச்சிலும் எழுதுவார்கள். எல்லாவற்றையும் தொலைபேசியே ஓரளவு மொழிபெயர்த்துக் கொடுக்கும்.

முதலில் அக்காவுக்கு அதில் அக்கறை இல்லை. "அழுகிற கதையை வாசிச்சு என்ன செய்யிறது" என்றார். பிறகு இடைவேளைகளில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அதையே பார்க்கத் தொடங்கினார். வாசித்ததை எனக்குச் சொல்வார்.

கனடாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாளாம். 'என் அம்மா எந்த நேரமும் போத்தல்களில் தண்ணீர் நிரப்பிக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைக்கிறார். ஏன் என்று கேட்டால் ஏசுகிறார். வேறு யாருடைய அம்மாவாவது இப்படிச் செய்கிறாரா?' அதற்குக் கீழே முன்பின் தெரியாத தாய்மார் வரிசையாக எழுதியிருந்தார்கள்: நானும் செய்கிறேன், நானும் செய்கிறேன்.

"நீங்கள் ஏதும் எழுதினீங்களோ அக்கா?"

"எழுதினனான். அம்மாவைக் கேள்வி கேக்காதை, நீயும் ஒரு போத்தலை நிரப்பிக் குடு எண்டு எழுதினனான்."

அந்தக் குழுவில் நடந்தது பெரும்பாலும் இதுதான். தங்கள் தாயிடம் கேட்க முடியாததைப் பிள்ளைகள் யாரோ ஒருவருடைய தாயிடம் கேட்டார்கள். தங்கள் பிள்ளைக்குச் சொல்ல முடியாததைப் பெரியவர்கள் யாருடைய பிள்ளைக்கோ சொன்னார்கள். அக்காவும் அப்படியே. பிரான்சிலிருந்து ஒரு பையன் 'படகில் என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்டதற்கு, சீனி கலந்த வறுத்த அரிசிமாவை எப்படிச் சிறு பைகளில் கட்டிக்கொண்டு போனார்கள் என்று நீளமாக எழுதினார். தன் மகளுக்கு அவர் அதைச் சொன்னதே இல்லை.

"உங்கட சொந்தக் கதையை ஏன் எழுதேல்லை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

விரிப்பின் மறு முனையை இழுத்து உதறினார். "என்ரை கதைக்கு முடிவில்லை, எம். முடியாததை எப்பிடி எழுதுறது?"

பிறகு சொன்னார். அவர்கள் மேகொங் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஊர். தாய், தகப்பன், இந்த அக்கா, ஒரு தம்பி. அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதினொன்று. எல்லாரும் ஒரே படகில் போனால் எல்லாரும் ஒன்றாகச் செத்துப்போகலாம் என்று தகப்பன் பயந்தார். அதனால் தாயையும் மகளையும் ஒரு படகில் ஏற்றிவிட்டு, மகனுடன் தான் அடுத்த படகில் வருவதாகச் சொன்னார். அக்காவின் படகு மலேசியக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே முகாமில் தாயும் மகளும் ஒவ்வொரு படகு வரும்போதும் கரையில் போய் நின்றார்கள். அகதிகளாகச் சுவிஸ் எடுக்கிறது என்று சொன்னபோது தாய் வர மறுத்தாவாம். வந்த பிறகும் தேடித்தரும் அமைப்புகளுக்கெல்லாம் எழுதிப் போட்டார்கள். தகவலில்லை என்ற பதில் மட்டும் வந்தது.

"அம்மா சாகும்வரைக்கும் அப்பாவின்ரை, தம்பியின்ரை படத்தைச் சாமி மேசையிலை வைக்க விடேல்லை" என்றார் அக்கா. முன்னோரின் படங்களை வைத்து ஊதுபத்தி கொளுத்தும் சிறு மேசை அவர்கள் வீடுகளில் இருக்கும். அதில் படம் ஏறினால் ஆள் இல்லை என்று அர்த்தம். "அம்மா போனாப் பிறகு அவவின்ரை படத்தை மட்டும் வைச்சனான். அப்பாவும் தம்பியும் இன்னும் அலுமாரி லாச்சிக்குள்ளைதான்."

விரிப்பு எங்கள் இருவர் கையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என் அண்ணையின் ஞாபகம் வந்தது. யுத்த காலத்தில் ஒரு நாள் காலை சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. சோதனைச் சாவடியில் இறக்கினார்கள் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். அம்மா இப்போதும் யாழ்ப்பாணத்தில் அவருடைய படத்தைச் சுவரில் வைத்திருக்கிறார். மாலை கிடையாது, விளக்குக் கிடையாது. யாராவது தெரியாமல் பூ வைத்துவிட்டால் எடுத்து எறிந்துவிடுவார். இதை நான் அக்காவிடம் சொன்னேன். சுவிசில் என் கணவரைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. என் மகனுக்குக்கூட, மாமா ஒருவர் இருந்தார், காணாமல் போய்விட்டார் என்ற ஒரே வசனம்தான் தெரியும்.

அக்கா தன் முனைகளைக் கொண்டுவந்து என் கையில் சேர்த்தார். "உன்ரை கதைக்கும் முடிவில்லை" என்றார்.

அதற்குச் சில வாரங்களின் பின் அவர் குழுவில் எழுதினார். எந்த ஆற்று முகம், எந்த மாதம், படகு எந்த நிறம், தகப்பனுக்கு எந்தக் காலில் நொண்டல், தம்பி நிற்கும்போது ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை வைத்துக்கொண்டு நிற்பான் என்பதுவரை எழுதினார். மகளுக்குச் சொல்லவில்லை. மகளும் அந்தக் குழுவில்தான் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு நான் அக்காவின் வீட்டில் இருந்தேன். ஞாயிறுகளில் என் கணவருக்கு உணவகத்தில் வேலை. மகன் நண்பர்களுடன் போய்விடுவான். அதனால் நான் அங்கே போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவது வழக்கம். அன்று மகள் பாசலிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள் டொச்சில், தாயைப் பார்த்து.

"தாத்தாவும் மாமாவும் கடலிலை போயிட்டினம் எண்டு சொன்னனான்தானே."

"அது ஒரு வசனம் அம்மா! ஆரெண்டே தெரியாத ஆக்களுக்கு இவ்வளவும் எழுதியிருக்கிறீங்கள். கால் மேலை கால் வைச்சு நிப்பாராம். நானும் அப்பிடித்தான் நிக்கிறனான். சின்னனிலையிருந்து அதுக்கு என்னை ஏசினீங்களே!"

அக்கா குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்தார்.

"கேட்டால் குசினிக்குள்ளை போயிடுவீங்கள். எப்பவும் அப்பிடித்தான். கேட்டவுடனை வெங்காயம் வெட்டத் தொடங்கிடுவீங்கள்."

அக்கா அப்போது உண்மையிலேயே கையில் கத்தியோடு நின்றார். அதைக் கீழே வைத்தார். "நீ அப்பிடி நிக்கேக்கை என்னாலை பாக்க ஏலாமல் இருந்தது" என்றார். மகள் சப்பாத்தோடேயே உள்ளே வந்து தாயைக் கட்டிப்பிடித்தாள். நான் எழுந்து அடுப்பில் இருந்ததைப் பார்த்துக்கொண்டேன். அன்று பின்னேரம்வரை அவர்கள் இருவரும் கதைத்தார்கள். மகள் கேட்கக் கேட்க அக்கா சொன்னார். இடையில் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவளுக்கு நான் எப்பவோ சொல்லியிருக்க வேணும் என்ன?" என்றார்.

அந்தக் குளிர்காலம் முடியும் தறுவாயில் நோர்வேயிலிருந்து ஒரு பதில் வந்தது. எழுதியவன் ஓர் இளைஞன். 'என் தந்தை தனியாக வந்தவர். அதே ஆற்று முகம், அதே மாதம். சரக்குக் கப்பல் ஒன்று அவர்களைக் கடலிலிருந்து ஏற்றியது. வயது பதினொன்று என்று கப்பலில் பதிந்தார்கள். சரியான வயது அவருக்கே தெரியாது. பெயரையும் யாரோ பிழையாக எழுதிவிட்டார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவரும் ஓர் அக்காவைத் தேடுகிறார்.' கூடவே ஒரு படம். கப்பல் தளத்தில் போர்வை சுற்றிய சில பிள்ளைகள். தன் தந்தை என்று அவன் காட்டிய, ஓரத்தில் நின்ற பையன் மட்டும் கமராவைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய ஒரு பாதம் மறு பாதத்தின் மேல் இருந்தது.

அக்கா அந்தப் படத்தை என்னிடம் நீட்டினார். "பார். பார். இவன்தான்."

"அக்கா, குளிருக்கும் பிள்ளையள் அப்பிடி நிப்பினம்" என்றேன்.

"எனக்குத் தெரியும். ஆனால் இவன்தான்."

மகள் தொலைபேசியில் மரபணுப் பரிசோதனை பற்றிச் சொன்னாள். முதலில் அதைச் செய்வோம், பிறகு நம்புவோம் என்றாள். அக்கா கேட்கவில்லை. "முதல்லை கதைக்கிறன். எச்சில் எடுத்து அனுப்பிப்போட்டே தம்பியோடை கதைக்கிறது?"

வீடியோவில் கதைப்பது என்று ஒரு ஞாயிறு முடிவாயிற்று. அதுவரைக்கும் அக்கா வேலையில் வேறு ஆளாக இருந்தார். தலையணை உறைகளை விரிப்புகளோடு அடுக்கினார். ஏதோ பாட்டை முணுமுணுத்தார். நான் பயந்தேன். ஆனால் அவரைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. எனக்கு அப்படி ஒரு ஞாயிறு வருமென்றால் நானும் அப்படித்தான் திரிவேன் என்று நினைத்தேன். பஸ்சில் போகும்போது, அண்ணை எங்கேயாவது ஒரு நாட்டில் பிழையான பெயரோடு இருக்கலாமே என்று, பல வருடங்களாக நினைக்காததையெல்லாம் நினைத்தேன். இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டியும் போனேன்.

அந்த ஞாயிறு அக்கா புதுச் சட்டை போட்டிருந்தார். திரையில் இருப்பவர் சாப்பிட முடியாது என்று தெரிந்தும் மண்சட்டியில் சீனியைக் கருக்கி மீன் காய்ச்சியிருந்தார். தம்பிக்கு விருப்பமானதாம். மகள் கணினியை மேசையில் வைத்தாள். நான் ஓரமாக இருந்தேன். அவர்கள் பேசுவதை மகள் எனக்குக் காதோடு டொச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரையில் நரைத்த தலையோடு ஒருவர் வந்தார். பின்னால் அவருடைய மகன். அவரும் கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை போட்டிருந்தார். "வணக்கம் அக்கா" என்றார். "தம்பி" என்றார் அக்கா. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள்.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வீட்டிலை உன்னை என்னெண்டு கூப்பிடுவினம்?"

இதை விளங்கிக்கொள்ள ஒன்று தெரிய வேண்டும். தென் வியட்நாமில் வீட்டுக்குள் பிள்ளைகளை எண்ணைச் சொல்லி அழைப்பார்கள். மூத்த பிள்ளையை 'இரண்டு' என்பார்கள். 'ஒன்று' யாருக்கும் கிடையாது. அடுத்தது மூன்று, நான்கு என்று போகும். கடைசிப் பிள்ளையைக் கடைக்குட்டி என்பார்கள். அக்கா 'இரண்டு', தம்பி கடைக்குட்டி.

நோர்வேக்காரர் சிரித்தபடி சொன்னார். "என்னை ஆறு எண்டு கூப்பிடுவினம். எனக்கு மேலை நாலு பேர்."

மகள் அதை எனக்கு உடனே மொழிபெயர்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கியது. திரையில் இருந்தவருக்கும் விளங்கிவிட்டது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. பிறகு அவர் மெதுவாகத் தன் கேள்வியைக் கேட்டார்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் ஒரு பச்சைக் குடை வைச்சிருந்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி."

அவரும் தன் அக்காவோடு புறப்பட்டவர். கரையில் சனம் நெருக்கியடித்துப் படகில் ஏறியபோது கை விட்டுப்போயிற்று. அவள் வேறு படகில் ஏறினாளா, கரையிலேயே நின்றாளா என்று தெரியாது. அவருக்கு ஞாபகம் இருந்தது குடை மட்டும்தான்.

நோர்வேயில் மகன் தகப்பனின் தோளில் கையை வைத்தான். அழைப்பைத் துண்டிக்க ஒரு பொத்தானை அமர்த்தினால் போதும். இரண்டு பக்கத்திலும் யாரும் அமர்த்தவில்லை. அவர்கள் மொழியில் அந்நியரையும் அக்கா, தம்பி என்றுதானே அழைப்பார்கள்? அதனால் இப்போது சொல் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சற்றுமுன் உயிரோடு கிடைத்த தம்பியை அழைத்த அதே சொல்லால் யாரோ ஒரு மனிதரை அழைக்கலாம். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கடைசியில் அவர்தான் கேட்டார். "அக்கா சாப்பிட்டீங்களோ?"

"இன்னும் இல்லை. மீன் காய்ச்சி வைச்சிருக்கிறன்."

"என்ன மீன்?"

அக்கா எழுந்து போய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் பிடித்தார். நோர்வேக்காரர் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். இளநீர் விட்டீர்களா, மிளகு கடைசியிலா போட்டீர்கள் என்று கேட்டார். என் அம்மா இதைவிடக் கறுப்பாகக் காய்ச்சுவா என்றார். அக்கா, அங்கே என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டார். இருவரும் மீனைப் பற்றியே நெடுநேரம் கதைத்தார்கள். பின்னால் நின்ற மகன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். தன் தகப்பன் தாய்மொழியில் இவ்வளவு நேரம் பேசித் தான் கேட்டதே இல்லை என்று பிறகு குழுவில் எழுதினான்.

அழைப்பு முடிந்ததும் அக்கா எங்கள் கோப்பைகளில் சோற்றைப் போட்டு மீனை வைத்தார். தான் சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தார். பாட்டு இல்லை. விரிப்பை உதறும்போது ஒரு தடவை நின்றுவிட்டார். "நான் அவனைக் கண்டுபிடிச்சிட்டன் எண்டு அம்மாட்டைச் சொல்லிப்போட்டன், எம். ஊதுபத்தி கொளுத்திச் சொன்னனான். இப்ப என்னெண்டு சொல்லுறது?" என்றார். கிட்டப் போய் முனைகளை வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அடுத்த ஞாயிறும் நோர்வேயிலிருந்து அழைப்பு வந்தது. அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தது. என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டால் அக்கா தோளைக் குலுக்குவார். "சாப்பாடு. முழங்கால் நோவு. அவன்ரை மனிசியின்ரை சத்திர சிகிச்சை." நோர்வேக்காரர் ஒரு பயணிகள் படகில் வேலை செய்கிறார் என்பதை அக்கா நம்பவே முடியாமல் சொன்னார். மலைகளுக்கு நடுவே கடல் நீர் உள்ளே வந்து கிடக்கும் இடத்தில், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிப் போகிறாராம். "ஒவ்வொரு நாளும் தண்ணியிலை! எனக்கு இஞ்சை ஆரே ஆத்துப் பாலத்தைக் கடக்கவே பயம்."

கோடையில் அவர் மகனோடு பேர்ணுக்கு வந்தார். ரயில் நிலையத்துக்கு அக்காவும் மகளும் நானும் போனோம். அவர் இறங்கியதும் அக்கா முதலில் அவருடைய கால்களைப் பார்த்ததை நான் கண்டேன். அவர் இரண்டு கால்களிலும் நேராகத்தான் நின்றார்.

நடந்து வரும்போது ஆரே ஆற்றுப் பாலத்தில் அவர் நின்றார். வெயில் நாள். சனங்கள் பச்சைத் தண்ணீரில் கூட்டம் கூட்டமாக மிதந்து போனார்கள். பிள்ளைகள் கீச்சிட்டார்கள். அக்கா வழக்கமாக அந்தப் பாலத்தில் நடு வழியால் வேகமாக நடப்பவர். நோர்வேக்காரர் கூப்பிட்டதும் கம்பியருகே வந்தார்.

"எப்பிடி நீ அந்த வேலையைச் செய்யிறாய்?" என்று கேட்டார். மகள் எனக்கு டொச்சில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"முதல் வருஷம் ஒவ்வொரு நாளும் வாந்தி எடுத்தனான் அக்கா. பிறகு, எல்லாரும் மற்றக் கரைக்குப் போய்ச் சேருகினம் எண்டு பாக்கப் பாக்க மனம் ஆறிச்சுது."

அன்று மாலை அக்கா லாச்சியைத் திறந்தார். தகப்பனின் படம் ஒன்று. தம்பி பாடசாலைச் சட்டையோடு நிற்கும் படம் ஒன்று. ஊரில் உறவினர் ஒருவர் வைத்திருந்து அனுப்பியவை. நோர்வேக்காரர் அவற்றை வாங்கி நெடுநேரம் பார்த்தார். தன் அக்காவின் படம் தன்னிடம் இல்லை என்றார். "படம் இருந்தாலும் வைச்சிருக்க மாட்டன். தனிய வைக்கப் பயமாய் இருந்திருக்கும்."

"சேர்ந்து வைப்பம்" என்றார் அக்கா.

அக்காவின் மகள் ஒரு தாளில் நோர்வேக்காரருடைய அக்காவின் வீட்டுப் பெயரை எழுதினாள். ஐந்து. அவருக்கு நேர் மேலே பிறந்தவள். அந்தத் தாளையும் ஒரு சட்டத்துக்குள் வைத்தார்கள். மூன்றும் சாமி மேசையில் அக்காவின் தாயின் படத்துக்குப் பக்கத்தில் ஏறின. இரண்டு பேரும் ஊதுபத்தியை நெற்றிவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் இருவரும் பின்னால் நின்றார்கள். எனக்கும் ஒரு பத்தி தந்தார்கள்.

பிறகு குசினியில் நான் அக்காவிடம் கேட்டேன். "இனித் தேட மாட்டீங்களோ?"

"ஏன் தேடாமல்? தேடுவன். நேற்றும் குழுவிலை பாத்தனான்." கோப்பையைக் கழுவியபடியே சொன்னார். "அம்மா கன வருஷம் அந்த மேசையிலை தனிய இருந்திட்டா, எம். அதுதான்."

நான் வீட்டுக்குப் போய் அண்ணையின் படத்துக்கு மாலை போடவில்லை. அது நான் முடிவு செய்கிற விஷயம் இல்லை. அம்மா இருக்கிறார், காத்திருக்கிறார். அவர் காத்திருக்கும்வரை நானும் காத்திருக்க வேண்டும். ஆனால் அக்காவின் மகள் சப்பாத்தோடு வந்து நின்று கேட்ட கேள்வி என்னை விடவில்லை. என் மகன் அப்போது மின்சார வேலை பழகிக்கொண்டிருந்தான். மாமா எப்படி நிற்பார், எப்படிச் சிரிப்பார் என்று அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அவன் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் வெங்காயம் வெட்டத்தான் போயிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை அம்மாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது மகன் சாப்பிட்டபடி பக்கத்தில் இருந்தான். கத்தரிக்காயை ஒதுக்கி வைத்தான்.

"உங்கட மாமாவும் இப்பிடித்தான் ஒதுக்கி வைப்பார்" என்றேன். அப்படித் தொடங்குவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மகன் நிமிர்ந்தான். "எந்த மாமா?"

"காணாமல் போன மாமா. எங்கட அண்ணை."

திரையில் அம்மா கொஞ்சம் முன்னால் வந்தார். "ஒதுக்கி வைக்கிறதில்லை. அவன் என்ரை கோப்பையிலை தூக்கிப் போடுவான். கத்தரிக்காய் எண்டாலே அவனுக்குப் பிடிக்காது. முருங்கைக்காய் எண்டால் சட்டியோடை தின்னுவான்."

மகன் கரண்டியை வைத்துவிட்டான். "வேறை என்ன அம்மம்மா?"

அம்மா சொன்னார். அண்ணை நித்திரையில் கதைப்பான், சைக்கிளில் கையை விட்டுத்தான் ஓடுவான், சொன்னால் கேட்க மாட்டான், சில்லறை கொடுத்தால் பழைய வானொலிகளை வாங்கி வந்து கழற்றிப் போடுவான். நான் மறந்திருந்த பலவற்றைச் சொன்னார். சிலவற்றில் நான் சொன்னதைப் பிழை என்று திருத்தினார். எனக்கு எழுந்து போக வேண்டும் போல இருந்தது. போகவில்லை. மகன் கேட்டுக்கொண்டேயிருந்தான். அழைப்பு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் மேசையிலேயே இருந்தான்.

"அம்மம்மா ஒண்டையும் நடந்து முடிஞ்ச மாதிரிச் சொல்லேல்லை, கவனிச்சீங்களோ?" என்றான். "பிடிக்காது, கேட்க மாட்டான் எண்டுதான் சொல்லுறா."

"ஓம். அம்மா எப்பவும் அப்பிடித்தான் கதைப்பா."

அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். ஒதுக்கி வைத்த கத்தரிக்காயை என் கோப்பையில் போட்டான். "மாமா ரேடியோ வயர் ஒட்ட என்ன சொல்டர் ஈயம் பாவிக்கிறவர் எண்டு அடுத்த கிழமை அம்மம்மாட்டைக் கேக்க வேணும்" என்று சொல்லிக்கொண்டே குசினிக்குள் போனான்.